மின்தூக்கிப் பொத்தானும் தேயிலைத் தூசும்

கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்று வந்த மாணவர்களில் பலர் சுங்கை பாலாஸ் தேயிலைத் தொழிற்சாலையை ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள். இலையை வாட்டும் நீண்ட தொட்டிகள், உருட்டும் இயந்திரங்கள், உலர்த்தும் அடுப்பு, தரம் பிரிக்கும் சல்லடைகள் என எல்லாவற்றையும் வியந்து பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் சுவரோடு ஒட்டி நிற்கும் சாம்பல் நிறப் பெட்டியை எத்தனை பேர் கவனித்தோம்? பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், இரண்டு மூன்று விளக்குகள், உள்ளே இருப்பதைக் காட்டும் ஒரு சிறு சாளரம். மாலையில் தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ தங்கும் விடுதிக்குத் திரும்பி மின்தூக்கியில் ஏறும்போது நாம் அழுத்துவதும் ஏறக்குறைய அதே பலகையைத்தான். அங்கே எண்கள் கூடுதலாக இருக்கும், அவ்வளவே.

இந்தப் பலகைகளின் முகத்தில் உள்ள பிளாஸ்டிக் பாகங்களை, அவற்றுக்கும் பழுதின்றி, துடைப்பவருக்கும் தீங்கின்றி எப்படித் துடைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். மின்னியல் பொறியியல் பட்டம் பெற்று இதே மலையில் பராமரிப்புப் பணிக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பலகைகள் பழுதாவதற்கு மழையும் பனிமூட்டமும் எலியும்தான் காரணம் என்பது அப்போது என் எண்ணம். நாளடைவில் நான் கண்டது வேறு. மாற்றுவதற்காக என் மேசைக்கு வந்த பொத்தான்களில் பெரும்பாலானவற்றை அழித்தது அழுக்கன்று. அழுக்கைப் போக்க வந்த திரவமே.

ஒரு சொல் விளக்கத்தோடு தொடங்குவது நல்லது. ஆங்கிலத்தில் 'எலிவேட்டர்' என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களைக் குறிக்கிறது. மனிதரை ஏற்றிச் செல்லும் மின்தூக்கி ஒன்று. தேயிலைத் தூளைக் கீழிருந்து அள்ளி மேலே உள்ள இயந்திரத்தின் வாயில் கொட்டும் வாளிப்பட்டை மற்றொன்று. தொழிற்சாலையில் வேலை செய்த பெரியவர்கள் 'எலிவேட்டர்' என்றால் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். பயன் வேறானாலும் இரண்டின் கட்டுப்பாட்டுப் பலகைகளிலும் உள்ள பிளாஸ்டிக் வகைகள் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

பிளாஸ்டிக் என்பது ஒரு பொருள் அன்று

நம் பேச்சில் பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள். வேதியியலில் அது ஒரு பெரிய குடும்பம்; அண்ணன் தம்பிகளுக்குள் குணம் ஒத்துப்போவதில்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் நாம் சந்திக்கும் உறுப்பினர்கள் ஐந்தாறு பேர்.

பழைய பலகைகளில் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ கனமாக இருக்கும் பொத்தான்கள் பேக்லைட். 1907-இல் லியோ பேக்லண்ட் உருவாக்கியது. சூட்டில் ஒரு முறை இறுகியபின் மீண்டும் உருகாத இனம். பெரும்பாலான கரைப்பான்களை இது பொருட்படுத்துவதில்லை. அந்தக் காலத்துத் தொழிற்சாலைகளில் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பலகையைத் துடைக்கும் பழக்கம் வந்ததற்கும், அதனால் கேடு எதுவும் தெரியாமல் போனதற்கும் பேக்லைட்டின் இந்தப் பொறுமை ஒரு காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. பிரச்சினை என்னவென்றால், பொத்தான் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

இன்றைய பலகையில் ஒளி ஊடுருவும் விளக்கு மூடிகளும் பல பொத்தான்களும் பாலிகார்பனேட்டால் ஆனவை. 1953-இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டுபிடித்த பொருள் இது. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. அத்தகைய வலிமைசாலி ஒரு துளி அசிட்டோனுக்குத் தலை சாய்த்துவிடும். கண்ணாடி போலத் தெளிவாக, சற்றே பளபளப்புக் கூடுதலாக இருக்கும் சாளரங்களும் தளக்காட்டிகளும் பெரும்பாலும் அக்ரிலிக். பெர்ஸ்பெக்ஸ் என்று கடைகளில் கேட்டு வாங்குவது இதைத்தான். பெட்டியின் சட்டமும் மூடியும் ஏபிஎஸ் என்னும் வகையாக இருக்கலாம். உள்ளே கம்பிகளின் மேலுறை பிவிசி. கம்பிகளை இணைக்கும் முனைகள் நைலான்.

எது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்வது பழகியவருக்கே கடினம். ஒரு வழி உண்டு. கழற்றிய பாகத்தின் உட்புறத்தைப் பாருங்கள். பலவற்றில் இரு கோணக் குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ், பிசி, பிஎம்எம்ஏ என்ற எழுத்துகள் அச்சாகியிருக்கும். பிசி என்றால் பாலிகார்பனேட், பிஎம்எம்ஏ என்றால் அக்ரிலிக். பிளாஸ்டிக் பொருள்களில் இப்படிக் குறியிட ஐஎஸ்ஓ 11469 என்ற அனைத்துலகத் தரம் உள்ளது. ஆனால் துடைக்க வருபவர் பாகத்தைக் கழற்றிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. எனவே, தெரியாத இடத்தில் எல்லா வகைக்கும் பொருந்தும் திரவத்தையே கையில் எடுப்பது அறிவுடைமை. அது எது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

விரிசல் ஏன் மறுநாள் வருகிறது?

அச்சில் வார்த்து எடுத்த எந்தப் பிளாஸ்டிக் பொருளும் முழு ஓய்வில் இருப்பதில்லை. உருகிய நிலையில் அச்சுக்குள் தள்ளப்பட்டு, விரைந்து குளிரும்போது அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இழுபட்ட நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. அதற்கு மேல் நாம் திருகாணி போட்டு இறுக்குகிறோம், கொக்கியில் மாட்டுகிறோம். வளைத்துக் கட்டிய பிரம்பு எப்படி வெளியே அமைதியாகவும் உள்ளே முறுக்கோடும் இருக்கிறதோ, அப்படித்தான் ஒரு சாதாரணப் பொத்தானும் இருக்கிறது.

இந்நிலையில் பொருந்தாத ஒரு கரைப்பான் மேலே படுகிறது. அது பிளாஸ்டிக்கைக் கரைத்துவிட வேண்டும் என்பதில்லை. இழுபட்டிருக்கும் சங்கிலிகளுக்கு இடையில் சிறிதளவு நுழைந்தால் போதும். ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி தளர்கிறது. சங்கிலிகள் வழுக்கிப் பிரிகின்றன. முதலில் முடியைவிட மெல்லிய கோடுகள் தோன்றும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அவை மின்னும். பிறகு கோடுகள் கூடி விரிசலாகும். பொறியியலில் இதனைச் சூழல் தகைவு விரிசல் என்று சொல்லலாம். பிளாஸ்டிக் பொருள்கள் பயன்பாட்டில் உடைவதற்கான முக்கியக் காரணங்களுள் இது ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது காலதாமதம். திங்கட்கிழமை துடைத்தது திங்கட்கிழமை உடைவதில்லை. துடைத்த அன்று பொத்தான் பளபளவென்றுதான் இருக்கும். வியாழக்கிழமை யாரோ ஒருவர் அழுத்தும்போது திருகாணியைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிக்கும். துடைத்தவர் ஒருவர், உடைத்தவர் இன்னொருவர் என்று ஆகிவிடும். உண்மையான காரணம் துப்புரவு அறையின் அலமாரியில் பத்திரமாக அமர்ந்திருக்கும்.

வேதியியல் படிக்கும் நண்பர்களுக்கு இன்னொரு செய்தி. பாலிகார்பனேட்டுக்கு அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் வலுவான காரங்களும் ஆகா. இங்கே நடப்பது வெறும் தளர்ச்சி அன்று. சங்கிலியின் கண்ணியாக இருக்கும் கார்பனேட் பிணைப்பையே காரம் அறுத்துவிடுகிறது. 'கண்ணாடி போல் இருக்கிறதே' என்று கண்ணாடித் துடைப்பானை எடுப்பதுதான் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு. அக்ரிலிக்கின் பலவீனம் வேறு: சாராயங்கள். எத்தனால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டும் அதில் மெல்லிய கோடுகளை உண்டாக்கும். ஏபிஎஸ், பாலிகார்பனேட், அக்ரிலிக் மூன்றையுமே அசிட்டோன், தின்னர் ஆகியவை கெடுத்துவிடும். இவ்விரண்டும் பலகையின் அருகே வரவே கூடாது.

கரைப்பான் என்றால் தகர டின்னில் வருவது மட்டும் என்று எண்ண வேண்டாம். ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் தெறிக்கும் எண்ணெயில் லிமோனீன் உள்ளது. அது பாலிஸ்டைரின் நுரையைக் கரைத்துவிடும். எலுமிச்சை மணம் வீசும் சில துடைப்பான்களிலும் லிமோனீன் உண்டு. கொசுவிரட்டிகளில் இருக்கும் டீட் என்ற பொருள் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தையும் கைக்கடிகார மூடியையும் மங்கச் செய்யவல்லது. மலைப் பாதையில் நடந்துவிட்டு, கொசுவிரட்டி தடவிய விரலோடு மின்தூக்கிப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தேயிலைத் தூசின் குணம்

இனி தொழிற்சாலைக்குள் வருவோம். தேயிலைத் தொழிற்சாலையின் அழுக்கு ஒரே மாதிரியானது அன்று. உருட்டும் பகுதியில் அது ஈரமானது, பிசுபிசுப்பானது. இலையின் செல்கள் நசுங்கி வெளிவரும் சாறு காற்றுப் பட்டுப் பழுப்பாவதுதானே தேயிலையின் நிறமும் மணமும். அதே சாறு தொழிலாளியின் விரல் வழியாகப் பொத்தானில் ஏறி அங்கேயும் பழுப்பாகிறது. பச்சைப் பொத்தான் எது, சிவப்புப் பொத்தான் எது என்று ஐயம் வரும் அளவுக்குப் படிந்துவிட்ட பலகைகளைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தும் பொத்தானின் நிறம் தெரியாமல் போவது அழகுக் குறைவு மட்டுமன்று, அது ஆபத்து.

தரம் பிரிக்கும் பகுதியில் அழுக்கு நேர்மாறானது. உலர்த்தி வெளிவரும் தேயிலையில் ஈரம் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். அங்கே காற்றில் பஞ்சு போல ஒரு மெல்லிய தூசு மிதந்துகொண்டே இருக்கும். இலையின் நுண்ணிய உரோமமும் நாரும் சேர்ந்தது அது.

இந்தத் தூசு பிளாஸ்டிக்கின் மேல் ஏன் இவ்வளவு விருப்பத்தோடு ஒட்டுகிறது? விடை அதே அறையில் ஓடும் இயந்திரத்தில் இருக்கிறது. தூளிலிருந்து காம்பையும் நாரையும் பிரிக்க ஓர் எளிய முறையைத் தேயிலைத் தொழில் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது. பிவிசி உருளைகளைக் கம்பளித் துணி போன்ற ஒன்றின்மேல் உரசச் செய்வார்கள். உருளையில் நிலைமின்சாரம் ஏறும். கீழே செல்லும் தேயிலையில், ஈரம் சற்றே கூடுதலாகத் தங்கியிருக்கும் நாரும் காம்பும் உருளையை நோக்கித் தாவும். தேயிலை தன் வழியே போய்விடும். சீப்பால் தலை வாரிவிட்டுக் காகிதத் துண்டை இழுக்கும் பள்ளிக்கூடப் பரிசோதனைதான். அது இங்கே நாள் முழுதும் கூலி வாங்காமல் உழைக்கிறது.

இப்போது, உலர்ந்த துணியால் பிளாஸ்டிக் மூடியைப் பரபரவென்று தேய்ப்பவர் என்ன செய்கிறார்? அதே நார் பிரிக்கும் இயந்திரத்தைத் தம் கையால் இயக்குகிறார். தேய்க்கத் தேய்க்க மின்னேற்றம். மின்னேற்றம் கூடக் கூடத் தூசு. அரை மணி நேரத்தில் பலகை முன்பைவிட மோசமாக இருக்கும். மேலும், உலர்ந்த தூள் பிளாஸ்டிக்கின் மேல் உப்புத்தாள் போல வேலை செய்யும். கீறல் விழும், அடுத்த முறை அந்தக் கீறலுக்குள் கறை இறங்கும். ஆகவே முதல் விதி, உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். மென்மையான தூரிகையால் தூசைத் தளர்த்தி, உறிஞ்சு கருவியால் இழுத்துவிட்டு, பிறகு ஈரத் துணியைத் தொடுங்கள்.

அழுத்தக் காற்றால் ஊதுவது பல தொழிற்சாலைகளில் எளிய வழியாகத் தோன்றும். நான் அதை ஒருபோதும் அனுமதிப்பதில்லை. முகத்தில் இருந்த தூசு பொத்தானின் இடுக்கு வழியாக உள்ளே சென்று மின்தொடு முனைகளில் அமர்ந்துவிடும். தேயிலைத் தூசு எரியக்கூடியது என்பதையும் மறக்கலாகாது. அதனைக் காற்றில் மேகமாக எழுப்புவது எவ்வகையிலும் நல்லதன்று.

2020-ஆம் ஆண்டு கற்றுத் தந்தது

மின்தூக்கிப் பலகைகளின் வரலாற்றில் 2020 ஒரு கறுப்பு ஆண்டு. மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதன் பின் எங்கு பார்த்தாலும் கிருமிநாசினித் தெளிப்பான்கள். பொத்தானில் கிருமி இருக்கும் என்ற அச்சத்தில் மணிக்கொரு தரம் தெளித்தார்கள். சிலர் சாராயத்தை, சிலர் பிளீச்சை, சிலர் இரண்டையும். பொத்தான்களின் மேல் நெகிழித் தாளை ஒட்டி, தாளின் மேலும் தெளித்தார்கள். தாளின் ஓரத்தில் இறங்கிய திரவம் காயாமல் பொத்தானைச் சுற்றியே தேங்கியது. அந்த அச்சத்தை நான் குறை கூற மாட்டேன். எதுவும் தெரியாத காலம் அது. பின்னர் 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி படிந்த ஒரு பரப்பைத் தொடுவதால் அந்நோய் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அறிவித்தது. அதற்குள் எத்தனையோ பொத்தான்கள் தம் ஆயுளை முடித்துக்கொண்டன.

அக்காலத்தில் மலையில் உள்ள ஒரு விடுதிக்கு அழைப்பு வந்து சென்றேன். மின்தூக்கிக்குள் அபாய மணிப் பொத்தானின் மூடி இரண்டாகப் பிளந்து உள்ளே விழுந்திருந்தது. அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கையில் துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் வந்து நின்றார். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்று, பிறகு இந்த வேலைக்கு வந்தவர்.

"தம்பி, நான் உடைக்கல. நேத்து பளபளன்னு தொடைச்சு வச்சுட்டுத்தான் போனேன். இன்னிக்கு வந்து பார்த்தா இப்படி இருக்கு. சம்பளத்துல பிடிப்பேன்னு சூப்பர்வைசர் சொல்றாரு."

"எதை வச்சு தொடைச்சீங்க, அக்கா?"

அவர் எடுத்துக் காட்டியது ஒரு கனிமநீர்ப் போத்தல். மூடியைத் திறந்ததுமே தின்னர் வாடை. பெயிண்டர் விட்டுப்போனது, கறை நன்றாகப் போகிறது என்று மேலேயிருந்து கொடுத்தார்களாம். போத்தலின் மேல் எந்த எழுத்தும் இல்லை. நான் என் அறிக்கையில் காரணத்தை விளக்கி, பணியாளரின் கவனக்குறைவு அன்று என்று எழுதிக் கொடுத்தேன். பொத்தானின் விலை பெரிதில்லை. ஆனால் அந்த ஒரு நாள் இரவு மின்தூக்கியில் எவரேனும் சிக்கியிருந்தால் அழுத்துவதற்கு மணி இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

குளிர் நம்மைக் காப்பாற்றாது

'இது மலைதானே, குளிர்தானே, சாராயம் தெளித்தால் என்ன தீப்பிடிக்கவா போகிறது?' என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் தீப்பற்று நிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ். அதாவது அந்த வெப்பத்திலேயே அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவிலும் பகல் வெப்பம் அதைவிட மிகுதிதான். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இணைப்பு மாறும்போதெல்லாம் சிறு பொறி பறப்பது இயல்பு. தெளிப்பானை நேரே பலகையை நோக்கிப் பிடிப்பது ஏன் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், குளிரும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் திரவம் மெதுவாகவே உலரும். சமவெளியில் நொடியில் மறைவது இங்கே இடுக்குகளில் நின்று பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டிருக்கும்.

பிளீச்சைப் பற்றியும் ஒரு சொல். மின்தூக்கியின் துருப்பிடிக்காத எஃகுப் பலகையையே அது புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அதனினும் கொடிது, அமோனியா உள்ள துடைப்பானோடோ கழிவறைக்கான அமிலத்தோடோ அது கலந்தால் நச்சு வாயு எழும். கதவு மூடிய மின்தூக்கி ஒரு சிறு பெட்டி. அதற்குள் நின்று துடைப்பவருக்கு ஓடவும் வழியில்லை.

யார், எதுவரை தொடலாம்?

வெளிமுகம் துப்புரவுப் பணியாளருடையது. பெட்டியின் கதவுக்கு உட்புறம் தகுதி பெற்ற தொழில்நுட்பருடையது. இந்தக் கோட்டை எவரும் தாண்டக்கூடாது. கதவு திறந்திருந்தால், 'சற்று உள்ளேயும் துடைத்துவிடலாம்' என்ற நல்லெண்ணம் உயிரைப் பறித்துவிடும். நம் நாட்டில் மும்முனை மின்சாரம் 400 வோல்ட். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியில் அது நேர்மின்சாரமாக மாறும்போது ஏறக்குறைய 560 வோல்ட்டை எட்டும். முதன்மை விசையை அணைத்த பின்னும் அக்கருவியின் மின்தேக்கிகளில் அந்த அழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கருவியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். விசையை அணைத்து, பூட்டு மாட்டி, சாவியைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காத்திருந்து, அளந்து பார்த்த பிறகே ஒரு தொழில்நுட்பர் உள்ளே கை வைப்பார்.

மின்தூக்கிகளின் பாதுகாப்பு நீண்டகாலம் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின் கீழ் இருந்தது. அச்சட்டம் 2024 ஜூன் 1-ஆம் நாள் நீக்கப்பட்டது. இப்போது 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் அது வருகிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் தகுதி பெற்றவர் மட்டுமே மின்தூக்கியின் உட்பாகங்களில் கை வைக்கலாம் என்ற நிலை மாறவில்லை.

பெட்டியின் மேல் 'ஐபி 65' என்று எழுதியிருப்பதைக் கண்டு, நீரைப் பீய்ச்சலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் எண் தூசையும் இரண்டாம் எண் நீரையும் தடுக்கும் திறனைக் குறிக்கிறது. அத்திறனைத் தருவது மூடியின் ஓரத்தில் உள்ள ரப்பர் வளையம். வளையம் புதிதாக இருந்த நாளில் பெற்ற மதிப்பெண் அது. பத்து ஆண்டு கழித்துக் காய்ந்து வெடித்த வளையத்துக்கு அந்த மதிப்பெண் பொருந்தாது. வேதிப்பொருளைத் தாங்குமா என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

துடைக்கும் முறை

இனி செய்முறை. எல்லா வகைப் பிளாஸ்டிக்குக்கும் பொருந்தும் என்று நான் முன்னர் சொன்ன திரவம் எது? வெதுவெதுப்பான நீர், அதில் சில துளி பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பு. ஏமாற்றமாக இருக்கிறதா? விலையுயர்ந்த போத்தல்களுக்கு நடுவே எனக்கு இதுவரை பழுது தராதது இதுதான். வாங்கும்போது நடுநிலையான பிஎச் உள்ளதா என்று பாருங்கள். எலுமிச்சைத் தோல் எண்ணெய் கலந்ததை விட்டுவிடுங்கள்.

மின்தூக்கி என்றால் முதலில் அதை நிறுத்தி வைக்கும்படி பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மின்தூக்கியில் ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்தால் அது ஒவ்வொரு தளமாக நின்று நின்று போகும். பயணிகளும் திட்டுவார்கள், கதவில் கையும் சிக்கலாம். தொழிற்சாலையில் இயந்திரம் முழுதும் நின்று, விசை பூட்டப்பட்ட பிறகே பலகையை அணுக வேண்டும். ஈரத்துணி பச்சைப் பொத்தானை அழுத்தினால் வாளிப்பட்டை ஓடத் தொடங்கிவிடும். அப்போது அதன் மறுமுனையில் யார் நிற்கிறார் என்பது துடைப்பவருக்குத் தெரியாது.

தூசை எடுத்த பின், மைக்ரோஃபைபர் துணியைச் சோப்பு நீரில் நனைத்து, பிழிந்தால் இனி ஒரு சொட்டும் விழாது என்னும் அளவுக்குப் பிழியுங்கள். திரவம் துணிக்குத்தான், பலகைக்கு அன்று. துணியை நான்காக மடித்தால் ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மேலிருந்து கீழாக, அழுத்தாமல், ஒரே திசையில் துடைக்க வேண்டும். தேயிலைச் சாற்றின் பழுப்புக் கறை விடாப்பிடியாக இருந்தால், ஈரத்துணியை அதன்மேல் இரண்டு நிமிடம் ஒற்றி வைத்தால் இளகிவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் சோடா மாவும் வேண்டவே வேண்டாம். அடுத்து வெறும் நீரில் பிழிந்த இரண்டாவது துணி. சோப்பு எச்சம் தங்கினால் அதுவே அடுத்த தூசுக்குப் பசையாகும். கடைசியாக உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். காரணம் மேலே சொல்லியாயிற்று.

கிருமிநாசினி கட்டாயம் வேண்டும் என்னும் இடங்களில், பலகையை உற்பத்தி செய்த நிறுவனத்தின் கையேட்டைப் பார்த்து, அது ஏற்கும் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைத்து, பிறகு நீர்த்துணியால் எடுத்துவிட வேண்டும். கையேடு இல்லையென்றால் பலகையின் கண்ணில் படாத ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பார்ப்பார்கள் சிலர். விரிசல் நாள் கடந்து வரும் என்பதால் ஒரு மணி நேரச் சோதனையை நான் நம்புவதில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

துடைத்து முடிந்ததும் பலகை முழுதும் உலர்ந்ததா என்று பார்த்து, பொறுப்பாளர் முன்னிலையில் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திச் சோதிக்க வேண்டும். அபாய மணியையும் அபாய நிறுத்தப் பொத்தானையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். மேடு பள்ளமாக இருக்கும் புள்ளி எழுத்துகளைக் கண் தெரியாத ஒருவர் விரலால் படிக்கிறார் என்பதை எண்ணி, அவற்றின் இடுக்கில் சோப்பு காய்ந்து நிரம்பாமல் பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும்.

போத்தலில் எழுதாத எழுத்து

நான் மிகவும் கவலைப்படுவது முறையைப் பற்றி அன்று. அம்முறை உரியவரைச் சென்று சேர்வதைப் பற்றி. 2013-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, அபாயகரமான வேதிப்பொருளை விற்பவர் அதன் கலத்தின் மேல் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கையை அச்சிட வேண்டும். நல்ல விதி. ஆனால் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த, அல்லது அதுவும் படிக்கத் தெரியாத, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்ணின் கையில் அந்தப் போத்தல் இருக்கும்போது என்ன ஆகும்? இன்று மலையில் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் இதே நிலைதான். பெரிய கலத்திலிருந்து சிறு போத்தலுக்கு மாற்றும்போது அந்த இரு மொழி எழுத்தும்கூடக் காணாமல் போகிறது.

நான் பொறுப்பேற்ற இடங்களில் ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்தேன். பலகைக்கான சோப்பு நீர்ப் போத்தலின் கழுத்தில் நீல நாடா. அதே நீல நாடா பலகையின் ஓரத்திலும் இருக்கும். நீலம் நீலத்தோடு சேரும். மற்ற எந்தப் போத்தலும் பலகையின் பக்கம் வரக்கூடாது. கழிவறைக்கான போத்தலில் சிவப்பு நாடா. கனிமநீர்ப் போத்தலில் எதையும் ஊற்றி வைக்கக்கூடாது. கூடவே, துணி, வாளி, பொத்தான் ஆகியவற்றின் படங்களோடு தமிழிலும் மலாயிலும் வங்காளத்திலும் ஓர் அட்டை. தமிழ்ப் பகுதியை எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. 'கரைப்பான்' என்று எழுதினால் அக்காவுக்குப் புரியாது. 'தின்னர், மண்ணெண்ணெய், நகப்பூச்சு அழிக்கிற தண்ணி' என்று எழுதினேன், புரிந்தது. 'பாலிகார்பனேட்' என்பதற்குப் பதிலாக, 'வெளிச்சம் ஊடுருவுகிற மூடி' என்று எழுதினேன். 'உலர்ந்த துணியால் தேய்க்காதீர்' என்ற வரிக்குக் காரணம் கேட்டார்கள். நார் பிரிக்கும் உருளையைச் சுட்டிக் காட்டியதும், தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே மற்றவர்களுக்குத் தாமே விளக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த அட்டையின் படியை இங்குள்ள பல விடுதிகள் கேட்டு வாங்கிச் சென்றுள்ளன. நேப்பாளியில் எழுதித் தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.